ஏழு காலி ஆணிகள்

ஒரு பெண்ணின் பிழைப்பை நான் கெடுத்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பையனுக்கு என்ன தெரியும் என்று இதைப் படிக்கிறவர்கள் சொல்லக்கூடும். நானும் பல வருடங்கள் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் என்ன செய்கிறோம் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. அதனால் வயதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டலில், சயனைடு மேட்டுக்குக் கீழே இருந்தது. தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி எழும்பிய வெள்ளை மலை அது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மண் எங்கள் சிலேட்டிலும் தலைமுடியிலும் சாப்பாட்டுத் தட்டிலும் படியும். மதியம் உப்புமா போட்டார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமை ரவை. தாளிக்க, பெரிய தகர டின்களில் வந்த வாசனையே இல்லாத எண்ணெய். பையன்கள் அந்த உப்புமாவுக்கு 'சிமெண்ட்' என்று பெயர் வைத்திருந்தோம். பெயர்தான் அப்படி. தட்டை நக்காமல் எழுந்தவன் ஒருவனும் இல்லை.

அதைச் சமைத்தவரை நாங்கள் ரவை அத்தை என்று கூப்பிட்டோம். அவருடைய கணவர் சுரங்கத்துக்குள் பாறை வெடித்ததில் இறந்துபோனார். சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் இருந்த பெரியவர்கள் சொல்லி, பள்ளிக்கூடத்தில் இந்தச் சமையல் வேலை கிடைத்திருந்தது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அடுப்பிலிருந்து நாலு முழம் தள்ளி, காலி ரவைச் சாக்கின் மேல் அது உட்கார்ந்திருக்கும். அத்தைக்குக் கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். இரண்டாம் முறை தட்டை நீட்டுகிற பையனைச் சும்மா விடமாட்டார்.

"இன்னாடா, ஒரு வயித்துக்கு ரெண்டு தட்டா? உள்ள இன்னா லெவல் லெவலா வெட்டி வெச்சிக்கீறியா?"

சுரங்கத்தில் அடுக்கடுக்காக வெட்டிக்கொண்டு போகும் தளங்களைத்தான் லெவல் என்பார்கள். அந்தப் பேச்சு எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

"நாங்க கேஜ்ல எறங்கறவங்க அத்தே!"

"எறங்கறப்போ எறங்கு. இப்போ தட்ட எட்த்துகினு இந்தாண்ட எறங்கு."

இப்படித் திட்டிவிட்டு ஒரு கரண்டி போடுவார். போட்டுத்தான் ஆக வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு முதல் வரிசை, அவர்கள் கேட்டால் இரண்டாவது தடவையும் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் பெண் பிள்ளைகளின் வரிசை என்பது ஹெட்மாஸ்டர் வைத்த ஒழுங்கு. நாளைக்குக் கேஜில் ஏறி பூமிக்குள் இறங்கப்போகிற உடம்புகள், அவை முதலில் தேற வேண்டும் என்பது காரணம். அந்தக் காரணத்தை ஹெட்மாஸ்டருக்குச் சொன்னவரே என் அப்பாதான்.

அப்பா சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தார். எங்கள் லைனில் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. நாங்கள் பௌத்தக் குடும்பம். தாத்தா காலத்திலேயே மாறியவர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் அப்பா எழுந்து, மனிதரில் மேல் கீழ் இல்லை என்று அரை மணி நேரம் பேசுவார். நன்றாகப் பேசுவார். அதை அவர் மனதார நம்பினார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அடுத்த நாள் மதியம் அவருடைய மகன் இரண்டு தட்டு உப்புமா தின்பதற்கும் அவருடைய மகள் வராந்தாவில் காத்திருப்பதற்கும் அந்தப் பேச்சோடு ஏதோ சம்பந்தம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அதே பள்ளிக்கூடம். பெண்களின் வரிசையில் அவள் எப்போதும் கடைசியில் நிற்பாள். சின்னப் பெண்களை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் போய்விடுகிற பழக்கம் அவளுக்கு. அவள் முறை வரும்போது அண்டாவில் கரண்டி மோதும் சத்தம்தான் கேட்கும். தினமும் ஐந்து பேர், ஆறு பேர் வெறும் தட்டோடு குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்கு வருவார்கள். இது எங்கள் கண் முன்னால் நடந்தது. இரகசியம் ஒன்றும் இல்லை.

ரவை அத்தைக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் பையன்களுக்குப் போட ஆரம்பிப்பதற்கு முன்பே, ஒரு குண்டானில் உப்புமாவை எடுத்து மூடி, சாக்குக்குப் பின்னால் வைத்தார். பெரிய பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "சார், சார், ஒளிச்சி வெச்சிக்கீது சார்!" என்று கூவிக்கொண்டு அலுவலக அறைக்கு ஓடினார்கள். ஓடியவர்களில் நானும் ஒருவன்.

ஹெட்மாஸ்டர் வந்து குண்டானைத் திறந்து பார்த்தார்.

"யாருக்கும்மா இது?"

"கடசீல நிக்கிற பொண்ணுங்களுக்கு சார். தெனமும் பட்டினியா போவுதுங்க."

"ரவை எல்லாருக்கும் சேத்துதான் வருது. நீ இப்படி எடுத்து வெச்சா எப்படிப் பத்தும்?"

பற்றாக்குறை அந்த நிமிடத்திலிருந்து அத்தையின் குற்றமாக மாறியது. ஒரு வாரத்துக்குள், குண்டான் தினமும் அவர் வீட்டுக்குப் போகிறது, அந்தக் குழந்தை அதனால்தான் கொழுகொழு என்று இருக்கிறது என்று லைன் முழுவதும் பேச்சு. குழந்தை அப்படி ஒன்றும் கொழுத்திருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். குழந்தை இடுப்பில் இருந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தை உள்ளே வரவில்லை.

"அண்ணே, என்ன திருடின்னு சொல்றாங்களாம். உங்க காதுக்கும் வந்திருக்கும். இந்த வேல போச்சின்னா எனக்கு வேற போக்கு கெடையாது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க நாலு பேரு வந்து பாருங்க."

"வந்து இன்னாத்த பாக்கறது? நாங்க வர்ற அன்னிக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டிடுவ."

"சொல்லாம வாங்க. சோத்த பாக்க வேணாம். ஆணிய பாருங்க."

அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. சுரங்கத்தில் வேலை செய்கிற எவருக்கும் புரியும். டைம் ஆபீசில் ஒரு பெரிய பலகை இருக்கும். அதில் ஆளுக்கு ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு பித்தளை டோக்கன். உள்ளே இறங்கும்போது டோக்கனைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். மேலே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிய பிறகும் ஓர் ஆணி காலியாக இருந்தால், அந்த ஆள் இன்னும் மேலே வரவில்லை என்று அர்த்தம். அந்தப் பலகையிடம் யாரும் மறுகேள்வி கேட்டதில்லை.

"பசங்க காலீல வந்ததும் டோக்கன எட்த்துகட்டும்" என்றார் அத்தை. "தட்டுல சோறு உழும்போது குடுக்கட்டும். வாங்கி ஆணில மாட்டிக்கினே வர்லாம். மணி அடிச்சதும் வந்து பாருங்க. எந்த ஆணி காலியோ அது பட்டினி. எங்க வூட்டுக்காரரு மேல வர்லன்னு எனக்கு யாரு சொன்னாங்க? கம்பெனிக்காரன் வந்தா சொன்னான்? ஆணிதான் சொல்லிச்சு. அத்த யாரும் பொய்யின்னு சொல்லலியே அண்ணே."

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நல்ல யோசனைதான்" என்றார்.

"பொம்பளைங்களும் வர்ட்டுமே. பெத்தவளுக்குப் பொண்ணு மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சிடும்."

அதற்கு அப்பா சிரித்துவிட்டார். "பொம்பளைங்க வந்தா அடுப்பாண்ட குந்திக்கினு கததான் பேசுவீங்க. டைம் ஆபீஸ்ல இன்னா பொம்பளைங்களா நிக்கிறாங்க?"

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா வந்து காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அப்பாக்கள் மிகுந்த உற்சாகத்தோடு அந்தப் பலகையைச் செய்தார்கள். சமையல் எண்ணெய் வந்த தகர டின்களை வெட்டி, வட்ட வட்டமாக டோக்கன்கள். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்த ஒருவர் ஒவ்வொன்றிலும் எண் அடித்துக்கொடுத்தார். மேல் வரிசைகள் ஆண்களுக்கு, கீழ் வரிசைகள் பெண்களுக்கு. கணக்கில் கெட்டிக்காரன் என்று என்னை டோக்கன் மானிட்டராகப் போட்டார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, தட்டில் உப்புமா விழுந்ததும் டோக்கனை வாங்கி மாட்டுவது என் வேலை. டைம் ஆபீஸ்காரர் போலக் காதில் பென்சில் செருகிக்கொண்டேன். எழுத ஒன்றும் இல்லை, ஆனாலும் செருகிக்கொண்டேன்.

முதல் நாளிலிருந்தே கீழ் வரிசையில் ஆணிகள் காலியாக நின்றன. ஐந்து, ஆறு, ஒருநாள் எட்டு. ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டு, "பொட்டப் பசங்க, தொலைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரவை அத்தை வாதாடவில்லை. "வர்றவங்க வர்ட்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த நாட்களில் அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது. பையன்களைத் திட்டுவதைக்கூடக் குறைத்துக்கொண்டார். இரண்டாவது தட்டுக்காரனுக்குப் பேசாமல் போட்டுவிட்டு, பலகையை ஒரு பார்வை பார்ப்பார்.

பிற்பகல் ஷிப்டுக்குப் போகிற அப்பாக்கள் ஏதாவது ஒருநாள் சொல்லாமல் வருவது என்பது ஏற்பாடு. ஒரு புதன்கிழமை காலை அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். பனியனோடு டீக்கடைக்குப் போகிறவர். இன்றைக்குத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மதியம்வரை எனக்குப் பாடம் எதுவும் ஏறவில்லை. பலகையைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது தட்டு நின்றுபோகும். அது உறுதி. ஏழாம் வகுப்புப் பையன்கள் மானிட்டரை விட்டுவைப்பார்களா? "ஆணி ஒயுங்கா நெறயணும்டா, இல்லேன்னா ஒன்ன ஷாப்டுக் குழில தள்ளிடுவோம்" என்று ஒருவன் முந்தின நாள்தான் என் காதைத் திருகியிருந்தான். இதெல்லாம் இருந்தது. ஆனால் அவற்றைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. ஆண்களுக்கு முதல் வரிசை என்பது அப்பாவின் யோசனை. மற்ற அப்பாக்கள் பக்கத்தில் நிற்கும்போது, அப்பாவின் யோசனை தப்பு என்று அந்தப் பலகை சொல்லப்போகிறது. என் அப்பா மற்றவர்கள் முன்னால் தலைகுனிந்து நின்று நான் பார்த்ததில்லை. பார்க்கவும் விரும்பவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. அத்தை குனிந்து பையன்களுக்குப் போட ஆரம்பித்தார். முதல் சுற்று முடிந்ததும் நான் பலகையை விட்டுவிட்டுப் பெண்கள் காத்திருந்த வராந்தாவுக்குப் போனேன்.

"எல்லாரும் டோக்கனக் குடுங்க. அத்த வாங்கினு வரச் சொல்லிச்சு. இன்னிக்கி மொதல்லியே மாட்டணுமாம்."

அத்தையின் பெயரைச் சொன்னதால் கொடுத்தார்கள். வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். வரிசையின் கடைசியில் அக்கா, டோக்கனை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் தட்டுல உழலியேடா."

"உழும். இன்னிக்கி நெறய கீது."

"நெசமா?"

"நெசமா."

கொடுத்தாள்.

நான் வந்து எல்லாவற்றையும் மாட்டினேன். ஓர் ஆணி பாக்கியில்லை. அதற்குள் பையன்களின் இரண்டாவது சுற்று ஆரம்பித்திருந்தது. நானும் தட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். இதை விட்டுவிட்டுச் சொல்லலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். விட்டுவிட்டால் இது பயந்துபோன ஒரு பையனின் கதையாகிவிடும். நான் அன்றைக்கும் இரண்டு தட்டு தின்றேன்.

அதன் பிறகு பெண்கள் வந்தார்கள். அண்டாவில் கரண்டி மோதத் தொடங்கியது. கடைசியில் ஏழு பேர் நின்றார்கள். அத்தை அண்டாவைச் சாய்த்து அவர்களுக்குக் காட்டினார். அப்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. இன்னும் ஒருநாள்தான், இல்லை இரண்டு நாள்தான் என்கிற மாதிரி அவர்களைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். அந்த நேரத்தில்தான் வாசலில் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். ஹெட்மாஸ்டர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வெளியே ஓடி வந்தார்.

"வாங்கண்ணே" என்றார் அத்தை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "நீங்களே பாருங்க."

நால்வரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றார்கள். சுரங்கத்தைப் பார்க்க வரும் துரைகள் அப்படித்தான் நிற்பார்கள் என்று அப்பா எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைவரை பார்த்தார்கள்.

"நெறஞ்சிதான கீது" என்றார் ஒருவர்.

அன்றைக்கு அண்டாவிலேயே கண்ணாக இருந்த அத்தை, முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையை அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு ஆணியாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். கடைசி ஆணிவரை போய், மறுபடி முதலிலிருந்து தொட்டார்.

"இல்லண்ணே. இது இன்னாமோ... இதோ இந்த ஏழு பேரும் சாப்டல. அதுங்களையே கேளுங்க. தட்டப் பாருங்க, காஞ்சி கீது."

"சாப்ட்டுக் கழுவியிருந்தாலும் காஞ்சிதான் இருக்கும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

அப்பா என்னைப் பார்த்தார். "யாருடா மாட்டனது?"

"நான்தான்பா. அவங்க குடுத்தாங்க. மாட்டனேன்."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இதை அந்த நிமிடமே கவனித்து உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்பாக்கள் அந்த ஏழு பெண்களையும் கேட்டார்கள். "சாப்ட்டியாம்மா? சொல்லு, சாப்ட்டியா?" வெள்ளைச் சட்டை போட்ட நான்கு ஆண்கள் சுற்றி நின்று கேட்கும்போது வாய் திறக்க அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள். அழுவதைப் பார்த்து, "இன்னாத்துக்கு பயப்படுதோ, யாரு மெரட்டி வெச்சாங்களோ" என்று ஒருவர் அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

ரவை அத்தை அக்காவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லும்மா. ஒங்க அப்பாதான? பயப்படாத. சாப்டலன்னு சொல்லு."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் சட்டையில் முன்பக்கம் ரவை ஒட்டியிருந்தது. அப்பாவின் இடுப்பில் பெல்ட் இருந்தது. அந்தப் பெல்ட்டைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரியும்.

"சாப்ட்டேம்பா" என்றாள்.

அத்தை கையை எடுத்துவிட்டார். கத்தவில்லை, சாபம் விடவில்லை. நான் இரண்டையும் எதிர்பார்த்து நின்றேன். அவர் எழுந்து, கரண்டியை அண்டாவுக்குள் வைத்துவிட்டு, சாக்கின் மேல் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

"சரிம்மா" என்றார் அக்காவிடம். அவ்வளவுதான்.

"பாவம், புருசன் இல்லாதவ" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"அதுக்காவ கொயந்திங்க சோத்துல கைய வெக்கறதா?" என்றார் இன்னொருவர்.

அப்பா பலகையை மறுபடி பார்த்தார். பிறகு சொன்னார்: "பலக பொய் சொல்லாது. எம் பொண்ணும் சொல்லாது."

மறுநாளிலிருந்து ஓர் ஆண் சமையல்காரர் வந்தார். பெண்கள் அப்போதும் கடைசியில்தான் நின்றார்கள். அண்டாவில் கரண்டி அப்போதும் மோதியது. ஆனால் பலகையைக் கழற்றவில்லை. அப்பாக்கள் மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்தார்கள். எப்போது வந்தாலும் நிறைந்திருந்தது. நான் அந்த வேலையை விட்டபின் வந்த மானிட்டர்களுக்கும் முதலிலேயே மாட்டிவிடும் பழக்கத்தை யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். பசியைக் கண்டுபிடிக்க ஒரு பெண் யோசித்துச் செய்த பலகை, பசி இல்லை என்று காட்டுவதற்குப் பல வருடங்கள் பயன்பட்டது.

ரவை அத்தை லைனை விட்டே போய்விட்டார். பேத்தமங்களா ஏரிக்குப் பக்கத்தில் நாற்று நடப் போகிறார் என்று சொன்னார்கள். அதன் பிறகு மார்வலியில் இறந்துவிட்டார் என்றார்கள். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு எத்தனையோ வருடங்கள் இருந்தன. பேத்தமங்களா ஒன்றும் கடல் கடந்த ஊர் இல்லை. பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தில்தான் சோறு போடுகிறார்களே என்று அனுப்பிக்கொண்டிருந்த அம்மா, ஒருநாள், போதும் என்று சொல்லி நிறுத்திவிட்டார். நான் மேலே படித்தேன். ஆசிரியரானேன். சமத்துவம் என்ற தலைப்பில் கட்டுரைகூட எழுத வைத்திருக்கிறேன், எத்தனையோ வகுப்புகளில்.

இப்போது எங்கள் பக்கத்துப் பள்ளியின் மேற்பார்வைக் குழுவில், படித்த பெரியவர் என்று என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இன்றைக்கு அம்மாக்கள் முறை வைத்து வந்து, பிள்ளைகளுக்கு முன்னால் சாப்பாட்டை ருசி பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம். போன மாதம் அதைப் புரட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமை காலையிலேயே சனிக்கிழமைவரை 'சாப்பாடு நன்றாக இருந்தது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கையெழுத்துப் போட்ட பெண், பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள். தையல் கம்பெனியில் வேலை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வெளியே சாப்பாட்டு வரிசையில், பருமனான ஒரு பையன் இரண்டாவது தடவையாகத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் சில பெண் பிள்ளைகள் வெறும் தட்டோடு காத்து நின்றிருந்தார்கள். சமையல் செய்கிற பெண் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் நோட்டுப் புத்தகத்தை மூடி, அதன் மேல் கண்ணாடிக் கூட்டை வைத்தேன். சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தேன். அதுவும் ஒரு சாக்குதான்.

அக்கா போன வருடம் இறந்துபோனாள். மருத்துவமனையில் இருந்தபோது ஒரு மதியம், கேட்காமலே சொன்னாள். அத்தைக்கு வேலை போன அந்த வாரமே அவள் தனியாக ரவை அத்தை வீட்டுக்குப் போனாளாம். மன்னிப்புக் கேட்கப் போனாளாம். வீடு பூட்டிக் கிடந்ததாம். "பத்து பாஞ்சி தபா போனேன்டா. எப்பவும் பூட்டுதான்" என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் டோக்கனை வாங்கினேன் என்பதே மறந்துபோனவள் போல, எல்லாவற்றையும் அவள் செய்ததாகவே சொன்னாள். நான் அவளைத் திருத்தவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

அப்பாக்கள் பலகையைப் பார்த்துவிட்டுப் போன அந்தப் புதன்கிழமை இரவு, அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் வீட்டில் அம்மா களி போட்டார். அப்பா பலகையைப் பற்றி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தார். தன் தட்டிலிருந்து பாதிக் களியைக் கிள்ளி அவள் தட்டில் வைத்தார். "அக்காவுக்கு மட்டுமா?" என்று கேட்டேன். எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. அக்கா அந்தக் களியைத் தொடவில்லை.

"நாளைக்கி யாருடா சமைப்பாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"வேற ஆளு வருவாங்க. ஒனக்கு நெறய போடச் சொல்றேன்" என்றேன். அவள் சோற்றைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வழக்கம்போலப் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, பஞ்சசீலத்தின் ஐந்து உறுதிமொழிகளையும் சொல்லச் சொன்னார்கள். அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். எனக்கு எல்லாம் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். உயிரைக் கொல்ல மாட்டேன். பிறர் பொருளை எடுக்க மாட்டேன். நாலாவது, பொய் பேச மாட்டேன் என்பது. அந்த வரி வந்தபோது என் பக்கத்தில் அக்காவின் குரல் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். கண்கள் நிறைந்திருந்தன. இத்தனை பேருக்கு முன்னால் வரி மறந்துபோனதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு எடுத்துக்கொடுப்பதற்காக, அந்த வரியை மறுபடியும், இன்னும் உரக்கச் சொன்னேன்.